எத்தனை வருசமாத் தெரியல?

உக்காருங்க சார். பைய உக்காருங்க, இந்தப் பெஞ்சி ஆடும். மெடிக்கல் போர்டுக்குத்தான வந்திருக்கீக? குரலக் கேட்டா வாத்தியார் மாதிரி இருக்கு. வாத்தியாரேதானா? முதுகுல ஆப்பரேசனா? அப்ப ஒங்களுக்கு ஒரு பயமும் இல்ல. தழும்பு இருக்கு, எக்ஸ்ரே இருக்கு, வேலைக்குப் போகலாம்னு ஒரு சீட்டக் கிழிச்சிக் குடுத்துருவாக. எனக்குக் காட்டுறதுக்கு என்ன இருக்கு? கண்ணு சார், கண்ணு. முழிச்சிக்கிட்டுதான் இருக்கும். பாக்குறவனுக்கு நல்ல கண்ணாத்தான் தெரியும்.

மூணாவது தடவையா வரச் சொல்லியிருக்கானுவ. மூணாவது தடவ! ஒரு மனுசனுக்குக் கண்ணு தெரியுதா தெரியலயான்னு பாக்க எத்தன நாள் வேணும்? ரெண்டு வெரல நீட்டி, எத்தனன்னு கேட்டா முடிஞ்சி போச்சி. அதுக்கு மூணு டாக்டரு, ஒரு மேசை, ஒரு கட்டு ஃபைலு.

என் பேரு கொம்பையா. மேற்க மலையடிவாரத்துல ஒரு தாலுகா ஆபீசுல ஜீப்பு டிரைவர். இருபத்தஞ்சி வருசம். பதினேழு தாசில்தாரக் கொண்டுபோய்க் கொண்டுவந்து விட்டுருக்கேன். வெள்ளம் வந்தப்ப, எலெக்சன் வந்தப்ப, கலவரம் வந்தப்ப எல்லாம் கொம்பையா வேணும். கண்ணு போனதும் எத்தன வருசமாத் தெரியலன்னு கொம்பையா எழுதிக் குடுக்கணுமாம்.

நான் ஒலகத்துல இல்லாததக் கேக்கல சார். சக்கர வியாதி கண்ணத் தின்னுட்டு. ஊசி போட்டாச்சி, லேசர் அடிச்சாச்சி, ஒண்ணுக்கும் கேக்கல. ஒங்க மூஞ்சி எனக்குத் தெரியாது. மூஞ்சி இருக்குற எடத்துல ஒரு புகைதான் தெரியுது, சுத்திவரக் கொஞ்சம் வெளிச்சம். அதனால மருத்துவக் காரணத்துல வீட்டுக்கு அனுப்புங்க, எம்மவளுக்கு வாரிசு வேலையக் குடுங்கன்னு கேக்கேன். ஒங்களுக்குத் தெரியாததா, அம்பத்து மூணு வயசு ஆவுறதுக்குள்ள வீட்டுக்கு அனுப்புனாத்தான் புள்ளைக்கு வேலை. ஒரு நாள் தாண்டுனாலும் கெடையாது. எனக்கு எப்ப அம்பத்து மூணு ஆவுது? வார மாசம் பதினெட்டாம் தேதி.

போன தடவ அந்த மெலிஞ்ச கொரல் டாக்டரு சொல்லுதாரு, "வண்டி ஓட்ட முடியலன்னா ரெக்கார்டு ரூம்ல உக்காந்து வேல பாருங்க கொம்பையா, சம்பளம் கொறையாது, சட்டமே இருக்கு"ன்னு. சட்டம் இருக்காம்! நான் எனக்கா நாற்காலி கேட்டேன்? எம்புள்ளைக்கி நாற்காலி கேட்டேன். கண்ணு தெரியாதவன் ரெக்கார்டு ரூம்ல உக்காந்து என்ன செய்ய, கரப்பாம்பூச்சிக்கிக் காவலா இருக்கவா?

அந்தா, தண்ணிக் குழாய்ப் பக்கம் ஒரு புள்ள நிக்கா பாருங்க. நிக்காளா, உக்காந்திருக்காளான்னு எனக்குத் தெரியாது. இருப்பா. எம்மவதான், பிரம்மசக்தி. எம்.காம். படிச்சிட்டு ரெண்டு வருசமா ஒரு ஜவுளிக்கடையில பில்லு போடுதா, காலையில ஒம்பதுக்குப் போனா ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டே. தாய் இல்லாத புள்ள. ஒம்பது நாளா எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை கெடையாது. அவ பேசுவா, நாந்தான் பேசல. அவ கையப் புடிச்சித்தான் பஸ்ஸ விட்டு எறங்குனேன், அது வேற விசயம்.

அவளாலதான் சார் எல்லாம். அவளாலதான் இங்க ஒங்ககிட்டப் பொலம்பிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

சொல்லுதேன், கேளுங்க. ஒங்க டோக்கனுக்கு இன்னும் நேரம் இருக்கு.

கவர்மெண்டு டிரைவருக்கு வருசா வருசம் கண்ணு டெஸ்ட் உண்டு. ஊர் ஆஸ்பத்திரியில போயி நின்னு, எதுத்த சொவத்துல இருக்க பலகைய வாசிக்கணும். பெரிய எழுத்துலேர்ந்து பொடி எழுத்து வரைக்கும். நான் வேலைக்கிச் சேந்த நாள்லேர்ந்து அங்க அதே பலகதான். ஆணியக்கூட மாத்தல. அதனால எங்க டிரைவர்மாரு அத்தன பேருக்கும் அது மனப்பாடம். புதுசா ஒருத்தன் வேலைக்கி வந்தா, சாவி எங்க தொங்கும், லாக் புக் எப்பிடி எழுதணும், பலகையில என்ன இருக்கும், மூணையும் மொத நாளே சொல்லிக் குடுத்துருவோம். இதுல என்ன தப்பு? கண்ணு நல்லா இருந்தாலும் ஒரு பயம் இருக்கும்லா, ஒரு எழுத்து தப்பிட்டா பொழப்பு போயிருமேன்னு.

எனக்கு ரொம்ப வருசம் அது தேவப்படல. நல்ல கண்ணு எனக்கு. மூணு வருசத்துக்கு முந்திதான் நடுவுல புகைய ஆரம்பிச்சிது. பலகையும் பாதி மறந்து போச்சி. அப்ப சக்தி காலேஜ்ல கடைசி வருசம். சக்கர மாத்திர வாங்க எங்கூட வந்தவ, அந்த ரூம் வாசல்ல நின்னு பலகைய ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு வந்தா. ஒரு வாரம் சொல்லிக் குடுத்தா சார். கறிக்கி வெட்டிக்கிட்டே "ம், நாலாவது வரி சொல்லுங்கப்பா"ம்பா. தப்பாச் சொன்னா கரண்டியால மண்டையில ஒண்ணு வைப்பா. சிரிப்பா. அவ அம்மா செத்த பெறகு எங்க வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த ஒரு வாரந்தான்.

மூணு வருசம், மூணு டெஸ்ட். மூணுலயும் முழுப் பார்வைன்னு எழுதி, சீல் அடிச்சி, என் சர்வீஸ் புக்குல ஏத்திட்டாக.

வண்டி எப்பிடி ஓட்டுனேன்னு கேக்கீகளா? ரோடு எனக்குத் தெரியும் சார். எந்த வளைவுல எத்தன திருப்பு, எங்க பள்ளம், எந்த எடத்துல மாடு நிக்கும், எல்லாம் கைக்கித் தெரியும். மூணு வருசத்துல ஒரு கீறல் உண்டா வண்டியில? ஒண்ணே ஒண்ணுதான்.

அதச் சொன்னா எனக்கு ரத்தம் கொதிக்கி. ஏழு மாசம் இருக்கும். காலையில பத்து மணி, நல்ல வெயிலு. தாசில்தாரம்மா பின்னால உக்காந்து போன்ல பேசிக்கிட்டு வாராக. ஒரு பொம்பள பீடிக்கடையில எலையும் தூளும் வாங்கிட்டு ரோட்டோரமா வந்திருக்கா. வந்தவ ஓரமா வர வேண்டியதுதான? ரோட்டு மேல ஏன் ஏறணும்? டொம்முன்னு ஒரு சத்தம். பெரேக்க மிதிச்சேன், என் நெத்தி ஸ்டேரிங்குல இடிச்சிது. எறங்கிப் பாத்தா பீடி எலை ரோடு பூராவும் செதறிக் கெடக்கு. அவளுக்குத் தொட எலும்பு முறிஞ்சி போச்சி. நானே தூக்கி ஜீப்புல போட்டு ஆஸ்பத்திரியில சேத்தேன் சார். நெஞ்சில கை வச்சிச் சொல்லுதேன், நானே தூக்குனேன். தாசில்தாரம்மா போலீசுல சொல்லிட்டாக, அந்தப் பொம்பளதான் குறுக்க வந்தான்னு. கேசு அதோட முடிஞ்சிது.

அவ ஓரமாத்தான் வந்தாளான்னு யோசிக்கீகளா? எனக்கு எப்பிடிச் சார் தெரியும், நான் பாக்கலயே. பாத்தா இடிப்பனா?

சரி, விடுங்க. அதுக்குப் பெறகு நான் ஸ்டேரிங்கத் தொடல. லீவு போட்டேன். கண்ணும் முழுசாப் போயிட்டு. அப்பந்தான் போர்டுக்கு எழுதிப் போட்டேன். வந்து உக்காந்தா, அந்த மெலிஞ்ச கொரல் டாக்டரு கண்ணுக்குள்ள லைட் அடிச்சிப் பாத்துட்டு என் சர்வீஸ் புக்கப் பொரட்டுதாரு. "இது பழைய வியாதி, மூணு வருசமாவது இருக்கும். ஆனா எட்டு மாசத்துக்கு முன்னால ஒங்களுக்கு முழுப் பார்வைன்னு சர்டிபிகேட் இருக்கு. ஒண்ணு அது பொய்யா இருக்கணும், இல்ல இப்ப நீங்க நடிக்கணும். எத்தனை வருசமாத் தெரியல, எழுதிக் குடுங்க"ங்காரு.

பாத்தீகளா சதிய? மூணு வருசம்னு எழுதுனா, அத்தன வருசமும் பொய் சொல்லி வண்டி ஓட்டியிருக்கேன்னு டிஸ்மிசே பண்ணிருவான். பென்சனும் போச்சி, புள்ளைக்கி வேலையும் போச்சி, அந்தப் பொம்பள கேசையும் தோண்டுவான். இப்ப ஆறு மாசமாத்தான்னு எழுதுனா, அப்பச் சிகிச்ச எடுங்க, அடுத்த வருசம் பாப்பம்னு அனுப்பிருவான். வார மாசம் பதினெட்டு தாண்டிரும். எப்பிடித் திரும்புனாலும் சொவரு.

எங்க சங்கத்துச் செயலாளர் தளவாய்தான் ஒரு வழி சொன்னாரு. "கொம்பையாண்ணே, லேசா மங்கலா இருந்துது, அன்னைக்கி வண்டியில தல இடிச்சதுல முழுசாப் போயிட்டுன்னு எழுதும். டூட்டியில அடிபட்டவனப் போர்டு ஒண்ணும் கேக்காது. அந்தப் பொம்பளகிட்ட, நாந்தான் திடீர்னு குறுக்க ஓடுனேன், அதனாலதான் டிரைவருக்கு மண்டையில அடின்னு ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிரும்"னாரு. பேப்பரும் அவரே டைப் அடிச்சிக் குடுத்தாரு. ரொம்பத் தங்கமான மனுசன்.

நான் போனா நல்லா இருக்காதுன்னு சக்திய அனுப்புனேன். அங்கதான் சார் கெட்டுது.

போயிட்டு மூணு மணி நேரம் கழிச்சி வாரா. பேப்பர்ல கையெழுத்து இல்ல. என்னட்டி, போட மாட்டேன்னுட்டாளான்னு கேட்டேன். இல்லப்பாங்கா. என்ன சொன்னா தெரியுமா? "அவங்க பேரு பூரணம். நீங்க பேரக்கூடக் கேக்கலியே. அப்பாவுக்குக் கண்ணு போச்சின்னதும், ஐயோ பாவம், என்னாலயாம்மா, பேனாவக் குடு, எங்க போடணும்னு கேட்டாங்கப்பா. நாந்தான் பேப்பர மடிச்சி வச்சிட்டு வந்துட்டேன்"ங்கா.

கேட்டீகளா சார்! அந்தப் பொம்பளயே போடுறேங்கா! தொட முறிஞ்சவ, அவ போடுறேங்கா! கால் முழுசா இருக்குற இவ வேண்டாங்கா! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. கையில இருந்த டம்ளர வீசுனேன். எங்க போயி விழுந்துதுன்னு தெரியல, சொவத்துல பட்ட சத்தம் கேட்டுது. ஏட்டி, ஒனக்காகத்தானட்டி இவ்வளவும், நீ கடையில நின்னு நின்னு கால் வீங்கி வாரியே, அதுக்குத்தானட்டின்னு கத்துறேன். அவ மெதுவாச் சொல்லுதா, "பூரணத்தக்காவால கீழ உக்காரவே முடியலப்பா. காலுக்குள்ள கம்பி வச்சிருக்கு. மடியில சொளவுத் தட்ட வச்சித்தான பீடி சுத்தணும். ஏழு மாசமாச் சுத்தல"ங்கா.

நாற்காலியில உக்காந்து சுத்த வேண்டியதுதான? இதுக்கெல்லாமா நான் பொறுப்பு?

அதோட விட்டாளா? அந்த வாரிசு வேலையே எனக்கு வேண்டாங்கா. நீங்க ரெக்கார்டு ரூம்ல உக்காருங்கப்பா, நான் கடைக்கே போறேங்கா. அப்பத்தான் நான் கேட்டேன் சார், நறுக்குன்னு கேட்டேன். இன்னைக்கி நாயம் பேசுதியே, அன்னைக்கிப் பலகைய எழுதிட்டு வந்து எனக்குச் சொல்லிக் குடுத்தவ யாருட்டி? நீதான? அப்ப எங்க போச்சி ஒன் நாயம்?

"அதனாலதாம்ப்பா இப்ப இந்தக் கையெழுத்த வாங்க மாட்டேங்கேன்"னா. அழுதாளான்னு தெரியல. மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுது.

அன்னைலேர்ந்து ஒம்பது நாளு. சோறு போட்டு வைக்கா, திங்கேன். மாத்திரையக் கையில வைக்கா, முழுங்குதேன். ஒரு வார்த்த நான் பேசல. பெத்த மக பெத்த தகப்பன இப்பிடிக் கழுத்தறுத்தா என்ன சார் செய்ய? நீங்க வாத்தியாரு, எத்தன புள்ளைகளப் பாத்திருப்பீக. இப்பிடி ஒரு மண்டக்கனம் புடிச்ச கழுதையப் பாத்திருக்கீகளா?

சரி, அதுக்குத்தான் ஒங்ககிட்ட வாரேன். பொம்பள கையெழுத்து இல்லாட்டாப் போகுது, ஒம்ம எழுத்தாவது இருக்கட்டும், போலீசு பேப்பரையும் சேத்துக் குடும்னு தளவாய் சொல்லிட்டாரு. எனக்குத்தான் எழுதத் தெரியல இப்ப, வரி மேல வரி ஏறுது. இந்தாங்க, மடியில தாளு வச்சிருக்கேன், பேனா சட்டப் பையில. நான் சொல்லச் சொல்ல நாலு வரி எழுதிக் குடுங்க. ஒங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும். புண்ணியமாப் போகும் சார், ஒரு புள்ளைக்கி வாழ்க்க.

எழுதுங்க. "அய்யா." போட்டாச்சா? "நான் இருபத்தஞ்சி ஆண்டுகளாக ஓட்டுநராகப் பணிபுரிந்து வருகிறேன். எனக்குப் பார்வைக் குறைபாடு ஏதும் இருந்ததில்லை." இல்ல இல்ல, ஏதும்னு போடாதீக, லேசா இருந்துதுன்னு போடணும், தளவாய் சொன்னாரு. "லேசான மங்கல் மட்டுமே இருந்தது. சம்பவத்தன்று பூரணம் என்ற பெண் திடீரென்று சாலையின் குறுக்கே ஓடி வந்ததால்..." ஓடி வந்ததால்னு போடுங்க. "அவளைக் காப்பாற்றும் பொருட்டு நான் வண்டியை நிறுத்தியபோது..." காப்பாத்தும் பொருட்டு, ஆமா, அது நல்லா இருக்குல்ல? "...தலையில் அடிபட்டு இரண்டு கண்களும் பார்வை இழந்தன." அவ்வளவுதான். "இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள." கைய எடுத்து எடத்துல வச்சி விடுங்க, ஒரு கையெழுத்துப் போடுதேன். இங்கயா? போட்டாச்சி. ரொம்ப நன்றி சார். ஒரு தடவ வாசிச்சுக் காட்டிருங்க, டாக்டரு கேட்டா மாத்திச் சொல்லிரக் கூடாது.

வாசிங்க சார்.

என்ன சார், தாளத் திருப்புதீக? ஒரு பக்கந்தான?

என்னது? "அய்யா"ன்னு மட்டுமா? அதுக்கப்புறம் ஒண்ணுமே எழுதலயா? நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கிட்டே இருக்கேன், பேனாவப் புடிச்சிக்கிட்டுச் சும்மாவா இருந்தீக? வெறும் தாள்லயா எங்கிட்டக் கையெழுத்து வாங்குனீக? கண்ணு தெரியாதவன்னு ஏமாத்துறதுக்கு ஒரு அளவு இல்லயா? படிச்சவுகதான நீங்க! மொதல்லயே முடியாதுன்னு வாயத் தெறந்து சொல்ல வேண்டியதுதான? ஒங்களுக்கு என்ன சார் நட்டம், நாலு வரி. ஒங்க மகளுக்கா வேல போகுது?

குடுங்க அந்தத் தாள. குடுங்கன்னேன்.

எழுத மனசு வரலயா? அவளுக்கும் மனசு வரல, ஒங்களுக்கும் மனசு வரல. எல்லாரும் நல்லவக. நான் ஒருத்தந்தான் அயோக்கியன். எம்புள்ள நல்லா இருக்கணும்னு நெனச்சது ஒரு குத்தமா? சொல்லுங்க, குத்தமா? ராத்திரி கால வென்னித் தண்ணியில வச்சிக்கிட்டு உக்காந்திருப்பா சார், அந்தத் தண்ணி சத்தம் எனக்குத்தான் கேக்கும். அவ அம்மா சாவும்போது எங்கிட்டச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், புள்ளைய யார் கடையிலயும் நிக்க விட்டுராதீகன்னு.

இருங்க. என் பேரக் கூப்பிட்டாங்களா? கொம்பையான்னுதான சொன்னாங்க நர்சு? ஆமாம்மா, வாரேன், வாரேன். ஒரு நிமிசம்.

எழுத்து இல்ல, ஒண்ணும் இல்ல. போகட்டும். வாயால சொல்லிருவேன். எனக்கு என்ன வாய் இல்லயா? அடிபட்டுதான் போச்சின்னு மூணு டாக்டரு மூஞ்சிக்கி நேராச் சொல்லுவேன். மூஞ்சிதான் தெரியாதே, சொல்றதுக்கு என்ன பயம்?

எந்தப் பக்கம் சார் கதவு? நேராவா? நேரான்னா... இங்க ஒரு தூண் இருந்துதே. படி இருக்கா?

சக்தி! ஏட்டி சக்தி! எங்க போய்த் தொலஞ்ச? கூப்பிடுதாங்க, காதுல விழல?

வந்துட்டியா. இந்தா, கையப் புடி. வாசல் வரைக்கும் கொண்டு விட்டுட்டு நீ வெளிய நின்னுக்கிடணும், கேட்டியா? உள்ள வரக் கூடாது. நீ வந்தா வேலை கெட்டுரும். நானே போயி, நானே பேசி... என்னது? உள்ள படி இருக்கா? எத்தன படி? நாற்காலி எங்க கெடக்கு, டாக்டருக்கு எதுத்தாப்புலயா? நான் எப்பிடிட்டி அங்க போயி உக்கார?

விடு கைய. நான் தட்டுத் தடவிப் போயிக்கிடுதேன். விடுன்னேன்ல.

ஏட்டி, விட்டுட்டியா? விடாத, விடாத. புடிச்சிக்கோ.

ஒன் கை ஏன் இப்பிடிச் சில்லுன்னு இருக்கு? பயமா இருக்கா? சவம், எதுக்கு அழுத? சார், பாருங்க சார் இவள. இவ கை என் கைக்குள்ள இருக்கும், அந்த டாக்டரு எத்தனை வருசமாத் தெரியலன்னு கேப்பாரு. நான் என்னன்னு சார் பொய் சொல்லுவேன்? எப்பிடிச் சொல்லுவேன்? மாட்டேன்னு தெரிஞ்சிதான இவ கூடவே வந்திருக்கா, பாவி மக, நான் ஒரு வார்த்தை பேசாட்டாலும் ஒம்பது நாளும் கூடவே இருந்திருக்கா.

நட. படி வந்தாச் சொல்லு.